வட்டத் திண்ணை அமைத்தவர் – ஜென்ஸ் ஜென்சன்

பூங்கா என்றதும் நம் கண்முன் வருவது என்ன? ஒரே அளவாகக் கத்தரித்த செடிகள், நடுவில் ஒரு நீரூற்று, ஓரத்தில் சறுக்குமரம். இத்தகைய பூங்காவைக் கோலாலம்பூரிலும் வைக்கலாம், துபாயிலும் வைக்கலாம். எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. நில அமைப்புக் கலையை மூன்றாம் ஆண்டாகப் பயின்று வரும் எனக்கு, இந்தப் போக்கை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எதிர்த்த ஒருவரின் வாழ்க்கை மிகவும் பிடித்துப்போனது. அவர்தான் ஜென்ஸ் ஜென்சன்.

ஜென்சன் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், டென்மார்க்கின் தென் எல்லையில் இருந்த டிப்பல் என்ற ஊருக்கு அருகே, ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது நிறையும் முன்பே அவ்வட்டாரம் போர்க்களமாயிற்று. 1864இல் பிரஷியா அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் பேசும் மொழி ஒன்று, ஆள்பவர் மொழி வேறொன்று. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மைப் போன்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டேனிய மக்கள் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் காக்க நடத்திவந்த நாட்டுப்புறப் பள்ளிகளில் அவர் பயின்றார். பின்னர் ஜெர்மானியப் படையில் கட்டாயச் சேவை செய்தார். 1884இல், தாம் விரும்பிய பெண்ணை வீட்டார் ஏற்காததால், அவருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

ஃபுளோரிடாவிலும் ஐயோவாவிலும் சில காலம் வேலை செய்தபின் சிகாகோ வந்து சேர்ந்தார். 1886இல் அந்நகரின் மேற்குப் பூங்கா ஆணையத்தில் சாதாரணக் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அதே பூங்காக்கள் அனைத்தையும் வடிவமைத்து நிருவகிக்கப் போகிறவர், துடைப்பமும் மண்வெட்டியுமாகத்தான் தொடங்கினார்.

அக்காலத்தில் பூங்கா என்றால் வெளிநாட்டுச் செடிகளைக் கோலம்போல் நட்டு வைப்பதுதான் வழக்கம். ஜென்சனும் முதலில் அப்படித்தான் நட்டார். அவை சிகாகோவின் குளிரிலும் வெயிலிலும் பட்டுப்போயின. அவரோ ஓய்வு நாள்களில் நகருக்கு வெளியே போய்ப் புல்வெளிகளையும் ஓடைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் நீரூற்றினார்கள் என்று கேட்காமல் அங்கே பூக்கள் தாமாகப் பூத்துக் கிடந்தன. 1888இல் யூனியன் பூங்காவின் ஒரு மூலையில் அந்தக் காட்டுப் பூக்களையே கொண்டுவந்து நட்டார். நாற்றங்கால்களில் அவை விற்பனைக்கு இல்லை. களை என்று ஒதுக்கப்பட்டவற்றை யார் விற்பார்கள்? ஆள்களோடு குதிரை வண்டி கட்டிக்கொண்டு போய், வேரோடு பெயர்த்து வந்தார். அமெரிக்கத் தோட்டம் என்று அதற்குப் பெயரிட்டார். மக்கள் தங்களுக்குத் தெரிந்த பூக்களைப் பூங்காவில் பார்த்து மகிழ்ந்தனர்.

பதவி உயர்ந்தது. ஆனால், பூங்கா நிருவாகத்தில் நடந்த ஊழலுக்கு உடன்பட மறுத்ததால் 1900இல் வேலை போயிற்று. 1905இல் நிருவாகம் மாறியதும் மேற்குப் பூங்காக்கள் முழுவதற்கும் பொறுப்பாளராக அழைக்கப்பட்டார். 1908இல் திறக்கப்பட்ட கார்ஃபீல்டு பூங்காக் கண்ணாடி மாளிகையை வைக்கோற்போர் வடிவில் அமைத்தார். அதற்குள் ஓர் அருவி உண்டு. கொத்தனார் அதை மலையருவிபோல் ஆர்ப்பரித்து விழும்படி கட்ட, ஜென்சன் பிரித்துக் கட்டச் சொன்னாராம். சமவெளி நாட்டு அருவி எப்படி மெல்ல விழும் என்பதை உணர, மெண்டல்சோனின் வசந்த கீதத்தைக் கேட்டு வரும்படி கொத்தனாரை அனுப்பினார் என்றும் சொல்வார்கள்.

அவருடைய படைப்புகளில் என்னை மிகவும் கவர்ந்தது கொலம்பஸ் பூங்கா. 1917இல் வேலை தொடங்கியது. பரப்பு ஏறத்தாழ 144 ஏக்கர். பார்த்தால் வெறும் தட்டை நிலம். ஆனால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஏரிக்கரை இருந்த தடயத்தை அவர் மண்மேட்டில் கண்டார். அந்த மேட்டை ஒட்டியே, அடுக்கடுக்கான பாறைகளிலிருந்து ஊற்றெடுத்து, புல்வெளி ஆறாக விரியும் ஒரு நீர்நிலையை வெட்டினார். கிளைகளைப் படுக்கைவாட்டில் நீட்டும் ஹாதார்ன் மரங்களை நட்டார். அக்கிளைகள் அந்நாட்டின் தொடுவானக் கோட்டை நினைவூட்டும் என்பது அவர் கருத்து. பூங்காவின் திறந்தவெளி மேற்கே சூரியன் மறைவதைப் பார்க்கும்படி அமைந்தது.

அங்கே அவர் அமைத்த வட்டத் திண்ணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாழ்வான கல் திண்ணை, வட்டமாக. நடுவில் தீ மூட்டும் இடம். கூடி உட்கார்ந்து கதை பேசவும் பாடவும் ஏற்ற இடம். வட்டத்தில் தலைமை இருக்கை கிடையாது. முதலாளியும் கூலியாளும் ஒரே உயரத்தில்தான் உட்கார வேண்டும். தாம் போன இடமெல்லாம் இதைக் கட்டினார்.

1920இல் பூங்கா ஆணையத்திலிருந்து விலகினார். செல்வர்களின் தோட்டங்களும் அவர் கைவண்ணத்தில் உருவாயின. ஹென்றி ஃபோர்டின் மனைவி புல்வெளியின் குறுக்கே ரோஜாத் தோட்டம் கேட்க, ஜென்சன் மறுத்து வெளியேறினார். சற்றுப் பிடிவாதக்காரர்தான்!

1936இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஆபிரகாம் லிங்கனுக்கு நினைவுத் தோட்டம் அமைக்கும் பணியை ஊதியமின்றி ஏற்றார். லிங்கன் வாழ்ந்த கெண்டக்கி, இந்தியானா, இல்லினாய்ஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் மரங்களையே தேர்ந்தார். பள்ளிச் சிறுவர்கள் ஓக் மர விதைகளை ஊன்றினார்கள். தாம் அவற்றை முழுமரமாகப் பார்க்கப்போவதில்லை என்று எழுபத்தாறு வயதான அவருக்குத் தெரியாதா என்ன? மனைவி இறந்தபின் விஸ்கான்சினில், தம் இளமைக்காலப் பள்ளியை ஒத்த ஒரு பள்ளியை நிறுவி வாழ்ந்து, 1951 அக்டோபர் 1ஆம் நாள் மறைந்தார்.

அவரிடம் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. 1930களில் அவர் எழுதியவற்றில் மண்ணின் செடி என்ற கருத்து மெல்ல மண்ணின் இனம் என்ற பக்கம் சாய்ந்தது. வட ஐரோப்பியரின் பண்புக்கு ஏற்ற நிலத்தோற்றம் என்று ஒன்றை உயர்த்தி, பிறரின் தோட்டக் கலையைத் தாழ்த்தினார். தாமே கப்பலேறி வந்தவர் என்பதை எப்படி மறந்தார்? ஆய்வாளர்கள் பின்னர் இதைக் கடுமையாகச் சாடியுள்ளனர். வந்தேறி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உறுத்தாமல் போகுமா?

என் இறுதியாண்டுத் திட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்டது, பழைய ரப்பர் தோட்டம் ஒன்று வீடமைப்புப் பகுதியான இடம். அங்கே பூங்காவுக்கு ஆறு ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். உள்நாட்டு மரப் பட்டியலில் ரப்பர் மரம் இல்லை. அது பிரேசில் நாட்டு மரம், அதன் கன்றுகள் 1877இல்தான் சிங்கப்பூர் வந்தன. பட்டியலைப் பார்த்தால் அதை நடக்கூடாது. ஆனால், அந்த மண்ணின் நினைவு வேறு எந்த மரத்தில் இருக்கிறது? என் பாட்டி விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனது அந்த மரத்தடிக்குத்தான்.

எனவே மெரந்தியும் பெனாகாவும் நட்ட பகுதிக்கு நடுவே இரண்டு நிரை ரப்பர் மரங்களை வரைந்திருக்கிறேன். காலையில் பெரட்டுக்கு ஆள்கள் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிட்ட களம் இருந்த இடத்தில் வட்டத் திண்ணை வருகிறது. அடுத்த மாதம் விரிவுரையாளர்கள் முன் வரைபடத்தை விளக்க வேண்டும். ரப்பர் மரத்தைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.