மாணவியருக்காக இலக்கணம் எழுதிய லிண்ட்லி மரே

ஆங்கில வகுப்பில் பேசிவ் வாய்ஸ் பாடம் தொடங்கியதும் நம்மில் பலருக்கு நெஞ்சம் படபடக்கும். அந்தப் பாடத்தை எளிய விதிகளாக வகுத்து, பெண்கள் பள்ளி ஒன்றுக்காகவே நூல் எழுதிய ஒரு பெருமகனை நாம் அறிந்துகொள்வது நலமன்றோ!

லிண்ட்லி மரே 1745-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க்கில் வழக்கறிஞராகவும் வணிகராகவும் விளங்கிப் பொருள் ஈட்டினார். ஆனால் தசைத் தளர்ச்சி நோய் அவரை வாட்டியது. உடல்நலம் நாடி 1784-இல் மனைவி ஹன்னாவுடன் இங்கிலாந்து சென்று, யார்க் நகரை அடுத்த ஹோல்கேட்டில் குடியேறினார். நோயோ நீங்கவில்லை. நடை தளர்ந்தது, இறுதி ஆண்டுகளில் வீட்டை விட்டு வெளியே செல்லவும் இயலவில்லை.

அந்நகரின் குவேக்கர் பெண்கள் பள்ளியில் கற்பித்த இளம் ஆசிரியைகள், தங்கள் மாணவியருக்கு ஏற்ற இலக்கண நூல் ஒன்று எழுதித் தருமாறு அவரை வேண்டினர். 1795-இல் நூல் வெளிவந்தது. முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்ததே இது என்று அவர் பணிவுடன் ஒப்புக்கொண்டார். அந்நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது.

பீ என்னும் துணைவினையைக் காலத்திற்கேற்ப மாற்றி, அதனுடன் பாஸ்ட் பார்ட்டிசிப்பிளைச் சேர்த்தால் செயப்பாட்டு வினை அமையும் என்பது அதிலுள்ள விதி. எனவே, தி லெட்டர் வாஸ் ரோட் என்பது பிழை. வாஸ் ரிட்டன் என்பதே சரி. வினைகளைச் செய்வினை, செயப்பாட்டு வினை, இவ்விரண்டிலும் சேராத வினை என அவர் மூன்றாகப் பிரித்தார். உறங்குதல், அமர்தல் போன்றவை மூன்றாம் வகை. ஹேப்பன் என்பதும் செயப்படுபொருளை ஏற்காத வினையே. ஆதலால் தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் என்று நாம் எழுதலாகாது. வாஸ் இல்லாமல் எழுதுவதே முறை.

நூல்கள் ஈட்டித் தந்த பொருளை மரே அறப்பணிகளுக்கு வழங்கினார். 1826-இல் தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

செயப்பாட்டு வினையின் எழுவாய் தானாக ஒன்றும் செய்யாது. பிறர் செய்வதை ஏற்றுக்கொள்ளும். நோய் மரேயை அந்நிலையில் நிறுத்தப் பார்த்தது. அவரோ இருந்த இடத்திலிருந்தே செய்வினையாக வாழ்ந்து காட்டினார். துன்பம் நேரும்போது நாமும் அவரை நினைவில் கொள்வோமாக!