நோர்மன் பிரிச்சார்ட் எந்த நாட்டு வீரர்?

கண்டிப் பக்கத்தில் மெய்வல்லுநர் போட்டி பற்றிப் பேச்சு வந்தால் டன்கன் வைட்டின் பெயர் வராமல் இராது. திரித்துவக் கல்லூரியில் படித்து, 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். ஆனால் அதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து நாட்டில் பிறந்த ஒருவர் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளி வென்றிருக்கிறார். ஆசியாவில் பிறந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். பெயர் நோர்மன் பிரிச்சார்ட்.

1875 இல் கல்கத்தாவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். அங்குள்ள சென் சேவியர் கல்லூரியில் படித்தார். வங்காளத்தின் 100 யார் ஓட்டத்தில் 1894 முதல் 1900 வரை ஏழு வருடமும் அவரே முதலிடம். உதைபந்தாட்டத்திலும் கெட்டிக்காரர்.

1900 இல் இலண்டனுக்குப் போய் ஒரு போட்டியில் ஓடிவிட்டு அங்கிருந்து பாரிஸ் சென்றார். அந்த ஒலிம்பிக்கை இன்றைய ஒலிம்பிக் போல நினைக்கக் கூடாது. ஒரு பெரிய உலகக் கண்காட்சியின் ஓரத்தில் நடந்தது. சரியான ஓடுபாதைகூட இல்லை. மரங்கள் சூழ்ந்த புல்வெளியில்தான் ஓடினார்கள். (நம் பாடசாலை மைதானத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்!) பிரிச்சார்ட் ஐந்து போட்டிகளில் கலந்துகொண்டார். 60, 100 மீற்றர்களில் இறுதிக்கு வரவில்லை. 110 மீற்றர் தடைதாண்டலில் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஆனால் 200 மீற்றர் தடைதாண்டலில் அமெரிக்கரான கிரேன்ஸ்லைனுக்கு அடுத்து வந்தார்.

ஜூலை 22 அன்று 200 மீற்றர் இறுதி ஓட்டம். நான்கே பேர். அமெரிக்கரான டியூக்ஸ்பெரி 22.2 செக்கனில் முடித்தார். பிரிச்சார்டுக்கு 22.8. அவுஸ்திரேலியரான ரோலி 22.9. பத்தில் ஒரு செக்கன் பிந்தியிருந்தால் இரண்டாவது வெள்ளி கைநழுவியிருக்கும்.

பின்னர் அவர் இங்கிலாந்துக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய் நோர்மன் ட்ரெவர் என்ற பெயரில் நடிகரானார். பேசாப் படக் காலத்தில் ஹொலிவுட்டில் நடித்து, 1929 இல் கலிபோர்னியாவில் காலமானார்.

அந்தப் பதக்கங்கள் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு அவற்றை இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. உலக மெய்வல்லுநர் சம்மேளனமோ பிரித்தானியாவின் கணக்கில் எழுதுகிறது. நான் கல்கத்தாவின் பக்கம். பிறந்ததும் படித்ததும் ஓடப் பழகியதும் அந்த மண்ணில்தானே?

இதை வாசித்தபோது எங்கள் ஹேவாஹெட்டத் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. டன்கன் வைட் வெள்ளி வென்ற அதே 1948 இல்தான் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர்கள்கூட, தகப்பன் பாட்டன் பிறந்த இடத்தைப் பத்திரத்தால் காட்ட வேண்டியிருந்தது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். எஞ்சியவர்களின் பிரச்சினைக்கு ஒரு தீர்வாகச் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிச்சார்டை இரண்டு நாடுகள் தம்முடையவர் என்கின்றன. என்னோடு படிக்கும் தோழிகள் சிலரின் பாட்டன்மாரை அன்று ஒரு நாடும் அப்படிச் சொல்லவில்லை.