மலைக் கொரில்லாக்களின் காவலர் டயான் ஃபாசி அம்மையார்

தோட்டப்புற வீடுகளின் முற்றத்தில் குரங்குக் குட்டி ஒன்று சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருப்பதை உங்கள் பாட்டன் பாட்டியர் கண்டிருப்பர். அதற்கு வாழைப்பழம் கொடுத்து மகிழ்ந்தவர் பலர். அக்குட்டி எவ்வாறு மனிதர் கைக்கு வந்தது, அதன் தாய் என்னவாயிற்று என்று கேட்டவர் மிகச் சிலரே. அவ்வினாவைக் கேட்டதோடு நில்லாமல், தாயை இழந்த குட்டியை மீண்டும் அதன் இனத்தாரிடம் சேர்க்க முயன்றவர் டயான் ஃபாசி அம்மையார்.

அம்மையார் 1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16ஆம் நாள் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது பெற்றோர் பிரிந்தனர். தாயார் மறுமணம் செய்துகொண்டார். புதிய தந்தை வசதி படைத்தவர். ஆயினும் அவ்வீட்டில் சிறுமி டயானுக்குப் பெரியவர்களோடு அமர்ந்து உண்ணும் உரிமை இருக்கவில்லை. பத்து வயது வரையில் அடுக்களையில் பணிப்பெண்ணோடு அமர்ந்தே இரவு உணவை உண்டார். வீட்டில் அவர் வளர்க்க இசைவு பெற்ற உயிர் ஒரு தங்கமீன் மட்டுமே. அதுவும் இறந்தபோது அவர் பல நாள் அழுதாராம். அன்பு கிட்டாத பிள்ளைகள் வாயில்லா உயிர்களிடம் அன்பைத் தேடுவது நம் ஊரிலும் காணும் காட்சிதானே!

கால்நடை மருத்துவம் பயில விரும்பினார். இயற்பியலும் வேதியியலும் கைகொடுக்கவில்லை. பின்னர், உடல் ஊனமுற்றோர் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்றுவிக்கும் துறையில் 1954ஆம் ஆண்டு பட்டம் பெற்று, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். பேச மறுத்து முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளிடம் விரைந்து நெருங்காமல், அவர்களாக நெருங்கி வரும்வரையில் காத்திருக்க அங்கேதான் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் காட்டில் அவருக்குத் துணைநின்றது இப்பொறுமையே என்பது எம் கருத்து.

ஆப்பிரிக்காவைக் காணவேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. 1963ஆம் ஆண்டு கடன் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். தான்சானியாவில் தொல்லுயிர் ஆய்வாளர் லூயி லீக்கியைச் சந்தித்தார். அங்கேயே கால் சுளுக்கிக்கொண்டார். அந்தக் காலோடு காங்கோ நாட்டு மலை ஏறி முதன்முறையாக மலைக் கொரில்லாக்களைக் கண்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் லூயிவில் நகருக்குச் சொற்பொழிவாற்ற வந்த லீக்கி அவரை நினைவு வைத்திருந்து, கொரில்லாக்களை ஆராய அனுப்ப முன்வந்தார். மருத்துவர் இல்லாத காட்டுக்குச் செல்வதற்குமுன் குடல்வாலை அறுத்து நீக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார். அம்மையார் அவ்வாறே செய்தார். அறுவை முடிந்து வீடு திரும்பியபோது லீக்கியின் கடிதம் காத்திருந்தது. அவர் மனவுறுதியைச் சோதிக்கவே அவ்வாறு சொன்னதாக அதில் கண்டிருந்தது! சிம்பன்சிகளை ஆராய ஜேன் குடாலை அனுப்பியவரும் இதே லீக்கிதான். நம் அண்டையிலுள்ள போர்னியோத் தீவின் கலிமந்தான் காட்டுக்கு 1971ஆம் ஆண்டில் ஒராங் ஊத்தான்களை ஆராயச் சென்ற பிருத்தே கால்டிகாசும் அவர் மாணவியே.

1967ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காங்கோவின் கபாரா என்னுமிடத்தில் அம்மையார் கூடாரமிட்டார். ஏழாம் மாதத்தில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. படைவீரர்கள் அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தனர். அங்கிருந்து தப்பி உகாண்டாவுக்குச் சென்றார். வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அம்மையாரோ அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், ருவாண்டா நாட்டில், செப்டம்பர் 24ஆம் நாள் புதிய முகாம் அமைத்தார். கரிசிம்பி, விசோக்கே என்னும் இரு மலைகளுக்கு நடுவில் அமைந்தமையால் அதற்குக் கரிசோக்கே என்று பெயரிட்டார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம், ஓயாத மழை, முழங்கால் வரை சேறு. அவருக்கோ மூச்சிரைப்பு நோயும் உயரம் கண்டால் தலைசுற்றும் இயல்பும் இருந்தன.

தொடக்கத்தில் கொரில்லாக்கள் அவரைக் கண்டதும் ஓடின. அல்லது மார்பில் அறைந்து முழங்கின. அம்மையார் நிமிர்ந்து நடப்பதை விட்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து சென்றார். அவை தின்னும் காட்டுக்கீரைத் தண்டைத் தாமும் மென்றார். அவை வயிறு நிறைந்தபோது எழுப்பும் உறுமல் ஒலியைத் தாமும் எழுப்பினார். மூக்கின்மேல் உள்ள கோடுகளைப் படம் வரைந்து வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு பெயரிட்டார். 1970ஆம் ஆண்டில் பீனட்ஸ் என்னும் இளம் ஆண் கொரில்லா தானாக நெருங்கி வந்து அவர் கையைத் தொட்டது. ஆய்வுக்காக இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

இதற்கிடையில் 1969ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை விரிவாகச் சொல்லுதல் வேண்டும். மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகர மிருகக்காட்சிசாலைக்காக இரண்டு கொரில்லாக் குட்டிகள் பிடிக்கப்பட்டன. கொரில்லாக் கூட்டத்தில் குட்டி எல்லாருக்கும் பிள்ளை. அதைக் காக்கப் பெரியவை அனைத்தும் முன்னே வந்து நிற்கும். ஆதலின் குட்டியைப் பிடிப்பதென்றால் பெரியவற்றைக் கொல்வது என்றே பொருள். அவ்விரு குட்டிகளுக்காகவும் பதினெட்டு கொரில்லாக்கள் மடிந்தன என்று அம்மையார் பின்னர் எழுதினார். பெட்டியில் அடைபட்டுச் சாகும் நிலையில் இருந்த அவற்றை அவரிடம் கொண்டுவந்தனர். அவர் தம் குடிசை அறை ஒன்றை இலைதழைகளால் நிரப்பிக் காடு போலாக்கினார். கோகோ என்று பெயரிடப்பட்ட குட்டி, பலகணியின் பக்கம் ஏறி, தான் பிறந்த மலைச்சரிவைப் பார்த்துத் தேம்பி அழுதது. அதன் கண்களில் நீர் வழிந்தது. கொரில்லா கண்ணீர் விட்டு அழுததை அதற்கு முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று அம்மையார் பதிவு செய்துள்ளார்.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கோகோவும் பக்கரும் தேறின; முகாம் நாயோடு ஓடி விளையாடின. அவற்றைக் காட்டுக் கூட்டம் ஒன்றில் சேர்த்துவிட அம்மையார் எண்ணினார். அதிகாரிகள் இசையவில்லை. இவற்றைத் தராவிடில் வேறு குட்டிகளைப் பிடிக்க நேரும் என்றனர். அவ்வாறாயின் இன்னும் எத்தனை உயிர் போகுமோ! வேறு வழியின்றி ஒப்படைத்தார். இரு குட்டிகளும் கடல் கடந்து சென்று, 1978ஆம் ஆண்டில் ஒன்றன்பின் ஒன்றாக அங்கேயே இறந்தன. காட்டில் வாழும் கொரில்லாவின் ஆயுளில் அது பாதி கூட இல்லை.

அதன்பின் அம்மையார் கள்ள வேட்டைக்காரரோடு நேரடியாக மோதலானார். மானுக்கு வைக்கும் சுருக்குக் கண்ணியில் கொரில்லாவின் கையோ காலோ மாட்டிக்கொள்ளும். அறுபட்ட இடம் அழுகும். சில நாளில் உயிர் போகும். காட்டுப் பன்றிக்கு வைத்த கண்ணியில் வளர்ப்பு நாய் சிக்கியதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவரும் பணியாளரும் கணக்கற்ற கண்ணிகளை அறுத்தெறிந்தனர். ஆயினும் அம்மையார் குறையற்றவர் என்று எழுதினால் அது மெய்யாகாது. பிடிபட்டவர்களைக் கடுமையாக நடத்தினார். முகமூடி அணிந்து மிரட்டினார். உடன் பணியாற்றியோரிடமும் சினந்தார். மலையடிவாரத்தில் வாழ்ந்தவர் நிலம் போதாத ஏழை உழவர்கள். அவர்கள் பசியை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது.

1977ஆம் ஆண்டின் கடைசி நாளில் டிஜிட் கொல்லப்பட்டது. கோணலான விரல் உடையதாதலின் அப்பெயர். பத்து ஆண்டுகளாக அம்மையாரோடு பழகிய ஆண் கொரில்லா. வேட்டைக்காரரையும் நாய்களையும் தனியே எதிர்த்து நின்று, தன் கூட்டத்தார் தப்பியோட வழி செய்து, தான் ஈட்டிக் குத்துகளால் மாண்டது. தலையும் கைகளும் விற்பனைக்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அம்மையார் அதன் பெயரால் நிதியம் ஒன்றை நிறுவினார். ஏழு மாதங்கள் செல்வதற்குள் அக்கூட்டத்தின் தலைவனையும் சுட்டுக் கொன்றனர். நான்காம் கூட்டம் என்று அழைக்கப்பட்ட அக்குடும்பம் சிதைந்தது. எஞ்சியவை பெரும்பாலும் ஆண்களே.

1980ஆம் ஆண்டு பிறந்த வேளையில், வேட்டைக்காரரிடமிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ மூன்று வயதுப் பெண் குட்டி ஒன்று கரிசோக்கேக்கு வந்தது. பிரெஞ்சு மொழியில் புத்தாண்டு வாழ்த்து எனப் பொருள்படும் போன் அனே என்று அதற்குப் பெயரிட்டனர். இம்முறை அதனைக் கடல் கடத்த யாரும் வரவில்லை. வாரக்கணக்கில் பேணி உடல் தேற்றினர். நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்று மரமேறவும் இரை தேடவும் மீண்டும் பழக்கினர். பின்னர் ஐந்தாம் கூட்டத்தாரின் அருகில் கொண்டு விட்டனர். தாய், மக்கள், உடன்பிறந்தார் என்று இரத்த உறவால் இறுகப் பிணைந்த பெருங்குடும்பம் அது. அங்கே சேர்ந்தால் குட்டிக்குக் குறையிராது என்று நம்பினர். நடந்தது வேறு. கூட்டத்துப் பெண் கொரில்லாக்கள் இரண்டு அதைப் பிடித்து இழுத்தன, கடித்தன, புரட்டி எடுத்தன. குட்டி நடுநடுங்கி மனிதரிடமே ஓடி வந்தது. சொந்தம் நிறைந்த வீட்டில் வேற்றுப் பிள்ளைக்கு இடமில்லாது போயிற்று.

காயம் ஆறியபின், சிதைந்து கிடந்த நான்காம் கூட்டத்தில் விட்டுப் பார்த்தனர். அங்கே இருந்தவற்றுக்குள் நெருங்கிய உறவு குறைவு. பாலூட்டும் தாயும் இல்லை. ஆயினும் அந்த ஆண் கொரில்லாக்கள் குட்டியை ஏற்றுக்கொண்டன, காத்தன, உடன் அழைத்துச் சென்றன. வேட்டைக்காரரால் தலைவனை இழந்த குடும்பமே, வேட்டைக்காரரால் தாயை இழந்த பிள்ளைக்கு அடைக்கலம் தந்தது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் போன் அனே அவற்றோடு காட்டுக் கொரில்லாவாகவே வாழ்ந்தது. 1981ஆம் ஆண்டு மே மாதம், மலையின் கடும் மழைக்குப் பின், நுரையீரல் அழற்சி கண்டு இறந்தது. அப்பொழுது அம்மையார் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

தம் அனுபவங்களை அவர் 1983ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அது பல நாடுகளில் படிக்கப்பெற்றது. பின் கரிசோக்கேக்கே திரும்பினார். உடல்நலம் குன்றிவிட்டது, மலையேறுவதே அரிதாயிற்று. 1985ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இரவு தம் குடிசையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 53. கொன்றவர் யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கொல்லப்பட்ட கொரில்லாக்களுக்காக அவரே அமைத்திருந்த இடுகாட்டில், டிஜிட்டின் பக்கத்தில், டிசம்பர் 31ஆம் நாள் அவரை அடக்கம் செய்தனர். டிஜிட் மாண்டதும் அதே தேதியில்தான்.

அம்மையார் காலத்தில், 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, விருங்கா மலைகளில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே இருந்தன. 2018ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி அங்கு மட்டும் அவை 604. டிஜிட் நிதியம் இன்று அம்மையாரின் பெயரால் இயங்குகிறது. 2024ஆம் ஆண்டில், காங்கோ நாட்டின் காப்பகம் ஒன்றில் வளர்ந்த அனாதைக் கொரில்லாக்களில் நான்கு பெண்களை விருங்கா தேசியப் பூங்காவின் மலை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். அவை மலைக் கொரில்லாவின் நெருங்கிய உறவினமான வேறொரு வகையைச் சேர்ந்தவை. முதலில் வேலியிட்ட இடத்தில் வைத்தனர். அம்மலையில் வாழும் வெள்ளி முதுகுடைய ஆண் கொரில்லா ஒன்று வேலியருகே வந்து வந்து போயிற்று. சில வாரங்களுக்குப் பின் வேலியைத் திறந்தனர். நான்கும் அதனோடு காட்டுக்குள் சென்றன.