கதவு திறந்திருந்ததால் கிடைத்த நோபல்: திருச்சி மண்ணின் சர் சி.வி. ராமன்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கம் தீவு தெரியும். அந்தத் தீவின் கிழக்கே இருக்கும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சர் சி.வி. ராமன். விஞ்ஞானத்துக்காக நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் என்று அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். விஞ்ஞானத்தைப் பாமர மக்களிடம் கொண்டு சேர்க்க அவர் பட்ட பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை.

தந்தை ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904ல் பி.ஏ., 1907ல் எம்.ஏ. முடித்தார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. எனவே அரசு நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார்.

அங்கே பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், மக்களிடம் நன்கொடை திரட்டி 1876ல் தொடங்கியது. நம் மக்களும் விஞ்ஞானம் பயில வேண்டும், பொதுமக்கள் வந்து சொற்பொழிவு கேட்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் ஆய்வு செய்ய ஆளில்லாமல் அந்தக் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. ராமன் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்தார். பொதுமக்களுக்குச் சொற்பொழிவும் ஆற்றினார். 1917ல் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்து, அரசு வேலையை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் பிரதிபலிப்புதான் அந்த நீலம் என்று அப்போது நம்பினார்கள். நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று ராமன் காட்டினார். அந்தத் தேடல் தொடர்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று ‘ராமன் விளைவு’ கண்டறியப்பட்டது. அவருடன் உழைத்தவர் மாணவர் கே.எஸ். கிருஷ்ணன். ஒரே நிற ஒளி ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு அது என்ன பொருள் என்று அறியலாம். மருந்துகளையும் ரத்தினக் கற்களையும் உடைக்காமலே சோதிக்க இன்று இது உதவுகிறது. 1930ல் நோபல் பரிசு வந்தது.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1932ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1934ல் இந்திய அறிவியல் அகாடமியை நிறுவினார். வானொலியில் எளிமையாகப் பேசினார். பெங்களூரில் தாம் அமைத்த ஆய்வு நிலையத்தில் கற்கள், படிகங்கள், வண்ணத்துப்பூச்சிகள் கொண்ட அருங்காட்சியகம் வைத்தார். 1968ல், 80 வயதில், அகமதாபாத்தில் வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசினார். விடையை மனப்பாடம் செய்வதைவிட, அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்பதே முக்கியம் என்பதுதான் அந்த உரையின் சாரம். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார்.

அவரிடம் குறையும் இருந்தது. 1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் கேட்ட கமலா என்ற மாணவியை, பெண் என்பதால் மறுத்தார். கமலா விடாமல் போராடி, நிபந்தனைகளுடன் சேர்ந்து, பின்னர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ராமனும் மாறினார், 1940ல் அன்னா மணி அவரது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பெண் பிள்ளைகளின் படிப்பை இடையில் நிறுத்தும் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதல்ல. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று சோதனைகளால் விளக்கினார். மலைக்கோட்டை அருகே செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்தான் நம் அப்துல் கலாம்.

ராமனின் அறிவு அல்லாஹ் கொடுத்தது. அது வெளிப்பட ஒரு கூடம் தேவைப்பட்டது. அதைக் கட்டியது அரசல்ல, மக்களின் நன்கொடை. திருமண மண்டபங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் நம் சமுதாயம், மஹல்லாவுக்கு ஒரு நூலகத்தையும் சிறிய ஆய்வுக்கூடத்தையும் அமைக்க முடியாதா? மக்தப் முடிந்து வரும் பிள்ளை, வானம் ஏன் நீலம் என்று கேட்டால் அதட்டி அடக்காமல், உடன் அமர்ந்து விடை தேடுவோம். படைப்பைச் சிந்திக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக!