கசாப்புக் கூடத்தின் கதவைத் திறந்த எழுதுகோல்

சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசு ஒரு புகழ் என்றால், ஆட்டுக்கறி பிரியாணி மற்றொரு புகழ். வெளியூர்க்காரர் வருகிறார், வயிறார உண்கிறார், வாயாரப் புகழ்கிறார். அரிசி எது, மசாலா எது என்று விசாரிக்கிறார். ஆடு எங்கே அறுக்கப்பட்டது, அறுக்குமுன் அதை மருத்துவர் யாரேனும் பார்த்தாரா என்று மட்டும் கேட்பாரில்லை! காரணம் உண்டு. அறுக்கும் தொழிலை இழிதொழில் என்று ஒதுக்கி வைத்த நாடு இது. தொழிலாளியை ஒதுக்கிய கையோடு, அவன் வேலை செய்யும் கூடத்தையும் கண்ணுக்கு மறைத்து வைத்துவிட்டோம். இலையிலே விழும் கறிக்கு மட்டும் தீட்டு இல்லை!

கடல் கடந்த நாட்டிலே அந்தத் திரையைக் கிழித்த ஒருவரின் வாழ்வை எழுதுகிறோம். அவர் பெயர் அப்டன் சிங்க்ளேர்.

1878இல் பால்டிமோர் நகரிலே பிறந்தார். தந்தை மது விற்கும் முகவர். விற்றதோடு நில்லாமல் குடித்தும் கெட்டார். தாய்வழிச் சுற்றத்தாரோ செல்வர். ஆகவே, ஒருநாள் மூட்டைப்பூச்சி மொய்க்கும் வாடகை அறை, மறுநாள் மாளிகை மெத்தை என்று வளர்ந்தார். பதினான்கு வயது நிறையுமுன் நியூயார்க் நகரக் கல்லூரியிலே சேர்ந்தார். செலவுக்கு நகைச்சுவைத் துணுக்குகளும் மலிவுவிலைக் கதைகளும் எழுதித் தள்ளினார்.

1904இல் சிக்காகோ இறைச்சித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். அப்போது ‘அப்பீல் டு ரீசன்’ என்ற சமதர்ம ஏடு 500 டாலர் தந்து, அந்தத் தொழிலாளர் கதையை எழுதச் சொன்னது. கொள்கைக்காக நடந்த ஏடு செய்த காரியம் இது என்பதிலே நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஏழு வாரம் அங்கே தங்கினார். பழைய உடை, கையிலே தூக்குவாளி. அந்தத் தூக்குவாளியே நுழைவுச் சீட்டாயிற்று!

கண்டதையும் கேட்டதையும் கொட்டினார், ‘ஜங்கிள்’ என்ற புதினத்திலே. காசநோய் கண்ட மாடு உணவாகிறது. அழுகிய இறைச்சிக்கு மருந்து தெளித்துக் குடலிலே அடைக்கிறார்கள். எலியும், எலிக்கு வைத்த நஞ்சும் அரவை எந்திரத்திலே சேர்ந்தே விழுகின்றன. ஊறுகாய்க் கூடத்திலே நிற்பவனின் விரல்களை அமிலம் அரிக்கிறது. ஐந்து பதிப்பகங்கள் அச்சிட மறுத்தன. 1906 பிப்ரவரியில் ஒரு பதிப்பகம், தானே ஆளனுப்பி உண்மையை விசாரித்த பிறகு வெளியிட்டது. நாடே அதிர்ந்தது.

குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குச் சமதர்மிகளைப் பிடிக்காது. ஆயினும் 1898 கியூபாப் போரிலே டப்பா இறைச்சி தின்று வீரர்கள் பட்ட பாட்டை நேரிலே கண்டவர் அவர். நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பினார். செய்தி கசிந்து, முதலாளிகள் அவசரமாகக் கழுவித் துடைத்தனர். அப்படியும், அழுக்குத் தரையிலிருந்து மண்வாரியால் இறைச்சியை அள்ளும் காட்சியை அவ்விருவரும் கண்டனர்! 1906 ஜூன் 30இல் சட்டம் பிறந்தது. அறுக்குமுன் ஒரு சோதனை, அறுத்தபின் ஒரு சோதனை, தேறியதற்கு முத்திரை.

முதலாளிகளின் சாமர்த்தியத்தையும் சொல்லியாக வேண்டும். சோதனைச் செலவு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர். அதை மக்கள் வரிப்பணத்தின் தலையிலே கட்டினர். டப்பாவிலே தேதி போட வேண்டும் என்ற விதியை வெட்டி எறிந்தனர். விரல் இழந்த தொழிலாளிக்கோ அந்தச் சட்டத்திலே ஒரு வரியும் இல்லை. சிங்க்ளேர் எழுதியது அவனுக்காக. நாடு பதறியது தன் வயிற்றுக்காக.

நம் நாட்டிலே சட்டப் பஞ்சமா? இல்லை. 1954இல் கலப்படத் தடைச் சட்டம், 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம். 2001இன் அறுவைக்கூட விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: அறுக்குமுன் 24 மணி நேரம் ஓய்வு, ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல் சோதிக்கலாகாது. ஞாயிறு விடியுமுன் தோலுரித்துத் தொங்கும் ஆடுகளை எண்ணி, அந்தப் 12ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்! தரையிலே போடாமல் மாட்டுவதற்குக் கொக்கி, குடல் கழுவத் தனி இடம், கத்தி கழுவ வெந்நீர், தேங்காமல் ஓடும் சாக்கடை, அறுப்பவருக்குக் காலுறையும் மருத்துவச் சோதனையும் — இவை என்ன, ஆகாயத்துக் கனிகளா? ஊர்தோறும் நகராட்சிகளைக் கேட்கிறோம்.

சிங்க்ளேர் ஓயவில்லை. 1934இல் வறுமை ஒழிப்புத் திட்டத்தோடு கலிபோர்னியா கவர்னர் தேர்தலிலே நின்றார், திரைப்பட முதலாளிகள் போலிச் செய்திப்படம் காட்டினர், தோற்றார். 1943இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

1906 சட்டத்திலே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மாநில எல்லை தாண்டும் இறைச்சிக்கே சோதனை. உள்ளூரிலே அறுத்து உள்ளூரிலே விற்பது அதற்குள் அடங்கவில்லை. அதை அடைக்க 61 ஆண்டுகள் ஆயின. 1967 டிசம்பர் 15இல், இங்கே அண்ணா ஆட்சிக்கு வந்த அதே ஆண்டிலே, புதிய சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டபோது, 89 வயதுச் சிங்க்ளேர் சக்கர நாற்காலியிலே அமர்ந்து பார்த்தார். மறு ஆண்டு நவம்பர் 25இல் மறைந்தார். வேலைத்தலத்திலே தொழிலாளியின் உயிருக்கும் உறுப்புக்கும் காப்பளிக்கும் அமெரிக்கச் சட்டம் வந்தது 1970இல். அதைக் காண அவர் இல்லை.