ரம்புத்தானை வரைந்த ஜார்ஜெட் சென்

ரம்புத்தான் காலம் வந்துவிட்டால் நம் தோட்டப்புற வீடுகளில் அதை யார் நின்று பார்க்கிறோம்? கொத்தாக ஒடித்து வந்து, தோலை உரித்து, கொட்டையைத் துப்புவதற்குள் கை அடுத்த பழத்துக்குப் போய்விடும். அந்தப் பழத்தை எதிரில் வைத்துக்கொண்டு, அதன் சிவப்பையும் மயிரையும் உற்றுப் பார்த்து வரைந்தார் ஒரு பெண்மணி. நியூயார்க்கிலும் பாரிசிலும் ஓவியம் பயின்ற அவர் பெயர் ஜார்ஜெட் சென்.

1906ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை பாரிசில் வணிகம் செய்த பெரிய செல்வந்தர். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென்னுக்கு வாரி வழங்கியவர். மகளுக்கு எதிலும் குறை வைக்கவில்லை. 1930இல் பாரிசின் புகழ்பெற்ற இலையுதிர்காலக் கண்காட்சியில் அவரது ஓவியம் இடம்பெற்றபோது வயது ஏறக்குறைய 24தான். அதே ஆண்டு யூஜின் சென்னை மணந்தார். திரினிடாட்டில் பிறந்த சீன வழக்கறிஞர் அவர். சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். மனைவியைவிட ஏறக்குறைய 30 வயது மூத்தவர்.

ஜப்பான்காரன் காலம் என்று நம் பாட்டன் பாட்டிமார் சொல்வார்களே, அது இவர்களையும் விடவில்லை. 1941 டிசம்பரில் ஹாங்காங் வீழ்ந்தபோது இருவரும் அங்கே இருந்தார்கள். வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, பிறகு ஷாங்காய்க்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1944இல் யூஜின் சென் அங்கேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை. போருக்குப் பிறகு ஜார்ஜெட் மறுமணம் செய்துகொண்டார். அது சில ஆண்டுகளே நீடித்தது.

1951இல் பினாங்கு வந்து இறங்கினார். ஹான் சியாங் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. வயது 45ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பணக்கார வீட்டுப் பெண், அமைச்சரின் மனைவி என்ற அந்தஸ்தெல்லாம் பின்னால் போய்விட்ட நேரம். பினாங்கில் அவருக்குக் கிடைத்தது வெயில், பாசார், கூடைகூடையாகப் பழங்கள். நமக்கு அது தினமும் பார்த்துச் சலித்த காட்சி. அவருக்கோ இத்தனை நாள் தேடியது அங்கேதான் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் அதன் பிறகு அவர் ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ குடிபோகவில்லை.

சில ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு மாறினார். 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார். சிக்லாப்பில் தோட்டத்தோடு கூடிய ஒரு வீடு. மலாய் மொழியை முறையாகப் படித்து, தமக்கு ‘செண்டானா’ என்று மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். நம்முடைய சந்தனம்தான் அது. ‘சென்’ என்ற குடும்பப் பெயரும் அதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்!

பாரிசில் ஓவியம் பயின்றவர்களுக்கு ஆப்பிள் பழம் ஒரு பாடப்புத்தகம் மாதிரி. செசான் என்ற மேதை ஆப்பிளை வரைந்து வரைந்தே ஒரு தலைமுறைக்கு வழி காட்டியவர். அந்தப் பள்ளியில் தேறிய ஜார்ஜெட், ஆப்பிள் இருந்த இடத்தில் ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் வைத்தார். இது எளிதல்ல. ஆப்பிள் வழவழப்பானது, நாள்பட நிற்கும். ரம்புத்தான் அப்படியா? பறித்த இரண்டு மூன்று நாளில் மயிர் கறுத்து வாடிவிடும். எண்ணெய் வண்ணமோ காயவே நாள் பிடிக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தச் சிவப்பு மாறுவதற்குள் கண்ணும் கையும் முந்திக்கொள்ள வேண்டும். 1965இல் அவர் வரைந்த ‘இனிப்பு ரம்புத்தான்’ ஓவியத்தைப் பார்த்தால், இப்போதுதான் மரத்திலிருந்து ஒடித்து வந்தது போலிருக்கும்.

பழத்தோடு அவர் நிற்கவில்லை. 1957இல் கோலாலம்பூரின் பள்ளிவாசலை வரைந்தார். சாத்தே விற்கும் பையன், சிங்கப்பூர்த் துறைமுகம், தாமரைக் குளம் என்று கண்ணில் பட்டதெல்லாம் படமானது. ஆனாலும் என் மனம் ஒட்டுவது அந்தப் பழங்களோடுதான். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பள்ளி ஓவிய வகுப்பில் பனிமலையும் ஆப்பிளும் வரைந்துதான் வளர்ந்தோம். வாசலில் நின்ற மரத்தை வரையலாம் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அவருக்கு வந்த நோயும் கையைத்தான் பிடித்தது. முடக்குவாதம். 1982இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் கிடைத்தபோது உடல்நிலை மிகவும் தளர்ந்திருந்தது. கடைசிக் காலத்தில் பல ஆண்டுகள் மருத்துவமனைப் படுக்கையிலேயே கழிந்தன. 1993 மார்ச்சில் காலமானார்.

மறைந்த மறு ஆண்டு, அவரிடமிருந்த 53 ஓவியங்கள் சிங்கப்பூர் அரும்பொருளகத்துக்கு நன்கொடையாகச் சேர்ந்தன. ஓவிய மாணவர்களுக்கு அவர் பெயரில் உபகாரச் சம்பளமும் ஏற்பட்டது. இன்று அவரது படங்கள் பாடாங் திடலுக்கு எதிரே, பழைய நகர மண்டபத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் அமைந்த தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. காட்சிக்கு வைக்கும் ஓவியங்கள் அவ்வப்போது மாறும். ஜொகூரிலிருந்து போகிறவர்கள் ரம்புத்தான் படம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள்.