தசையின் இயக்கத்தை விளங்கவைத்த அல்பேர்ட் சென்ட் ஜோர்ஜி

ஒரு பிடி சோற்றை எடுத்து வாயிலிடுவதற்கு நாம் பெரும் பிரயத்தனம் எதையும் செய்வதாக உணர்வதில்லை. நினைத்த கணத்தில் விரல்கள் மடிகின்றன, கை உயர்கின்றது. ஆனால், மனித உடலிலுள்ள அறுநூறுக்கும் அதிகமான வன்கூட்டுத் தசைகள் எவ்வாறு சுருங்குகின்றன என்ற வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை விஞ்ஞான உலகிடம் திருப்தியான விடை இருக்கவில்லை. அந்த விடைக்கு அத்திவாரமிட்டவர்களுள் முதன்மையானவர் ஹங்கேரிய உயிர் இரசாயனவியலாளர் அல்பேர்ட் சென்ட் ஜோர்ஜி ஆவார். விற்றமின் சி ஆய்வுக்காகவே பெரும்பாலானோர் அவரை அறிவர். அவரது தசை ஆய்வோ, உலகப் போரின் நெருப்புக்கு நடுவே நிகழ்ந்ததாகும்.

1893 செப்டெம்பர் 16 ஆம் திகதி புடாபெஸ்ட் நகரில் பிறந்த சென்ட் ஜோர்ஜியின் தாய்மாமனார், அந்நகரின் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கியவர். அவரது வழியில் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த இளைஞனை முதலாம் உலகப் போர் களத்துக்கு அழைத்துச் சென்றது. இராணுவ மருத்துவப் பிரிவில் கடமையாற்றி வீரப்பதக்கமும் பெற்ற அவர், போரின் அர்த்தமற்ற அழிவைக் கண்டு மனம் வெறுத்தார். 1916 இல் தமது மேற்கையில் தாமே சுட்டுக்கொண்டு, எதிரியின் குண்டு பட்டதாகக் கூறி வீடு திரும்பினார். மறு ஆண்டு மருத்துவப் பட்டத்தைப் பூர்த்தி செய்தார்.

போருக்குப் பின்னர் பிராக், பேர்லின், ஹம்பேர்க், லைடன், குரோனிங்கன் என ஆய்வுகூடம் தேடி அலைந்தவருக்கு, பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹொப்கின்ஸ் இடமளித்தார். அங்கு 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், பின்னர் தாயகம் திரும்பி சேகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகரின் காரங்குறைந்த சிவப்பு மிளகாயிலிருந்து விற்றமின் சியைப் பெருமளவில் பிரித்தெடுத்தமை அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தது. 1937 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

அந்தப் புகழோடு அவர் அமைதி கண்டிருக்கலாம். ஆயினும், உயிரின் அடிப்படையை அறிய வேண்டுமாயின் கண்ணுக்குப் புலப்படும் அசைவிலிருந்தே தொடங்க வேண்டும் எனக் கருதி, அவர் தசையின்பால் திரும்பினார்.

வன்கூட்டுத் தசை என்பது நீண்ட தசைநார்களின் கட்டு ஆகும். தலைமயிரை ஒத்த அல்லது அதனினும் மெல்லிய ஒவ்வொரு தசைநாருக்குள்ளும் நூற்றுக்கணக்கான நுண்ணிய நார்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றை நுணுக்குக்காட்டியின் ஊடாக நோக்கினால், கருமையும் வெண்மையுமான பட்டிகள் மாறிமாறித் தென்படும். இப்பட்டிகளால் அமைந்த, ஏறத்தாழ 2 முதல் 3 மைக்ரோமீற்றர் நீளமான தசைப்பாத்துகளே சுருக்கத்தின் அடிப்படை அலகுகளாகும். தசையில் மயோசின் என்ற புரதம் உள்ளமை 19 ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. அதுவே ஏ.ரி.பி. எனப்படும் சக்தி தரும் பொருளை உடைக்கின்றது என 1939 இல் சோவியத் விஞ்ஞானிகளான எங்கெல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் அறிவித்தனர்.

இந்நிலையில் சேகெட்டில் சென்ட் ஜோர்ஜியும் அவரது சக ஆய்வாளர் இலோனா பாங்காவும் ஒரு விந்தையைக் கண்டனர். அரைத்த முயல் தசையைச் செறிந்த உப்புக் கரைசலில் சில நிமிடங்கள் ஊறவைத்தபோது கிடைத்த சாறு நீர்த்திருந்தது. இரவு முழுவதும் ஊறவிட்டபோதோ அது பாகு போலத் தடித்தது. இரண்டாவது சாற்றிலிருந்து நூல்களை ஆக்கி, கொதிக்கவைத்த தசைச்சாற்றை அவற்றின்மீது சேர்த்ததும் அந்த நூல்கள் கண்முன்னே சுருங்கின. அச்சாற்றில் இருந்த ஏ.ரி.பி.யே அதற்குக் காரணமாயிற்று. உடலுக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தினுள், தசையின் புரதம் அசைந்ததைக் கண்ட அந்தக் கணமே தமது வாழ்வின் பெரும் பரவசம் என அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சாற்றைத் தடிக்கச் செய்தது அக்டின் என்னும் வேறொரு புரதம் என்பதை 1942 இல் அதே ஆய்வுகூடத்தின் புரூனோ ஸ்ட்ரௌப் நிறுவினார். மயோசினும் அக்டினும் இணைந்தே தசையை இயக்குகின்றன என்பது அவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது.

உயிர் பிரிந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவதை, பிரேதத்தை நீராட்டியோரும் ஜனாஸாவைக் குளிப்பாட்டியோரும் அறிவர். ஏ.ரி.பி. தீர்ந்துபோவதால் மயோசின் அக்டினை விட்டு விலக முடியாமல் இறுகிப் பற்றிக்கொள்வதே இதன் காரணமாகும். தசை சுருங்குவதற்கு மாத்திரமன்றித் தளர்வதற்கும் ஏ.ரி.பி. வேண்டும்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே நிலைமை மோசமடைந்து வந்தது. ஹங்கேரி ஹிட்லரின் பக்கம் நின்ற அக்காலத்தில், நாட்டைப் போரிலிருந்து மீட்க விரும்பியோருள் சென்ட் ஜோர்ஜியும் ஒருவர். 1943 இல் விஞ்ஞான விரிவுரை என்ற போர்வையில் இஸ்தான்புல் சென்று நேச நாடுகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். இரகசியம் ஜேர்மனியருக்குக் கசிந்தது. 1944 இல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட அவர், அங்கிருந்து தப்பிப் போர் முடியும் வரை தலைமறைவாக வாழ நேர்ந்தது. சுவீடன் தூதரகமும் அவருக்குப் புகலிடம் அளித்தது. போரினால் உலகின் பார்வைக்கு எட்டாதிருந்த தசை ஆய்வுகள் 1945 இல் ஸ்கண்டிநேவிய சஞ்சிகையொன்றின் இணைப்பாக வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டன.

போருக்குப் பின் தாயகத்தில் சோவியத் ஆதிக்கம் வலுத்ததை அடுத்து, 1947 இல் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் மாதக்கணக்கில் பேணிய தசையும் ஏ.ரி.பி. சேர்த்ததும் சுருங்குவதை 1949 இல் காட்டினார்.

எனினும் சுருக்கத்தின் முழு வடிவத்தை அவர் காணவில்லை. புரத இழைகளே மடிந்து குறுகுவதாகவே அக்காலத்தவர் பலரும் எண்ணினர். 1954 மே மாதம் ஹியூ ஹக்ஸ்லி - ஜீன் ஹான்சன் இணையும், அன்ட்ரூ ஹக்ஸ்லி - ரொல்ஃப் நீடர்கேர்க் இணையும் தனித்தனியே வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். இழைகள் குறுகுவதில்லை, மயோசினாலான தடித்த இழைகளுக்கிடையே அக்டினாலான மெல்லிய இழைகள் வழுக்கிச் செல்கின்றன என்பதே அது. நரம்பின் கட்டளை கிடைத்ததும் தசைநாரினுள் கல்சியம் வெளியாகி, அக்டினில் மயோசின் பற்றும் இடங்களைத் திறந்துவிடுகின்றது. மயோசினின் தலைகள் அங்கே பற்றி, ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு தூரம் இழுத்து, ஏ.ரி.பி.யின் துணையால் விடுபட்டு மீண்டும் பற்றுகின்றன. கோடானுகோடி தலைகளின் இந்தச் சிறு இழுவைகள் ஒன்றுசேர்ந்தே கையை உயர்த்துகின்றன.

பிற்காலத்தில் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்ட சென்ட் ஜோர்ஜி, அணுவாயுதத்துக்கும் வியட்நாம் போருக்கும் எதிராகத் தளராது குரல் கொடுத்தார். 1986 ஒக்டோபர் 22 ஆம் திகதி, 93 ஆவது வயதில் வூட்ஸ் ஹோலில் காலமானார்.

பிறர் திருத்தியமைத்ததால் அவரது பணியின் பெறுமதி குறைந்துவிடவில்லை. அவரது ஆய்வுகூடம் இனங்கண்ட இரு புரதங்கள் இன்றிப் பின்வந்தோரின் விளக்கம் பிறந்திருக்காது. போர் ஒரு தேசத்தின் எல்லைகளை மூடியபோதும், உயிரின் இரகசியத்தைத் தேடும் பணியை நிறுத்தாதவர் அவர். அதேவேளை, ஆய்வுகூடத்தின் கதவை அடைத்துக்கொண்டு வெளியே நிகழ்ந்த அநீதியைக் காணாதவராக இருக்கவும் அவர் விரும்பவில்லை. கற்றோர் சமூகத்துக்கு அவர் விட்டுச்சென்ற இந்த முன்மாதிரி, அவரது கண்டுபிடிப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.